சேற்றில் சேரும் கரி

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டைக்கும் கொள்ளிடம் கடலோடு கலக்கும் பழையாற்றுக்கும் இடையே, எது ஆறு எது கடல் என்று திட்டமாகச் சொல்ல முடியாத ஒரு பிரதேசத்தில், ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் விஸ்தீரணத்தில், சிறு சிறு தீவுகளாகவும் அத்தீவுகளைச் சுற்றியோடும் உப்பங்கழிகளாகவும் பரவிக் கிடக்கிறது பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காடு, அதாவது கண்டல் காடு. 1975-ல் வெளிவந்த 'இதயக்கனி' படத்தில் இந்தக் கழிகளைக் கண்டு ஆசைப்பட்ட தலைமுறையிலிருந்து இன்றைக்கு வார இறுதியில் படகேற வரிசையில் நிற்கிறவர்கள் வரையில், எத்தனையோ ஆயிரம் பேர் இதன் அழகைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சிதம்பரம் கோயிலின் ஸ்தல விருட்சமாகிய தில்லை, ஒடித்தால் கண்ணைக் கெடுக்கும் பாலை வடிக்கின்ற அந்த மரம், இங்கேதான் இன்றும் தன் சொந்த மண்ணில் வளர்கிறது என்பதை அறிந்தவர்கள் அவர்களுள் சிலரே. ஆனால் இந்த அத்தியாயத்தில் நாம் கவனிக்க வேண்டியது அழகும் அன்று, புராணமும் அன்று. இந்தக் காட்டின் கணிசமான ஒரு பகுதி ஒரு காலத்தில் செத்துப் போயிற்று. பிறகு மனித முயற்சியினால் மீண்டும் தழைத்தது. அது எதனால் செத்தது, எப்படி மீண்டது என்ற விவரத்தை நுணுகிப் பார்த்தால், இயற்கையைக் காப்பதும் புதுப்பிப்பதும் பூமியின் சூடேற்றத்துக்கு எவ்வளவு தூரம் பரிகாரமாகும், எவ்வளவு தூரம் ஆகாது என்ற பெரிய கேள்விக்கும் நேர்மையான ஒரு விடை கிடைக்கும் என்பது நமது எண்ணம்.

முதலில் கரியின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். நிலக்கரியையும் எண்ணெயையும் மனிதன் பெருவாரியாக எரிக்கத் தொடங்குவதற்கு முன்னால், காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமிலவாயு இன்று 420 பங்கையும் தாண்டிவிட்டது. நாம் வெளியிடும் வாயுவெல்லாம் காற்றிலேயே தங்கியிருந்தால் இந்த எண் இன்னும் பெரிதாக இருந்திருக்கும். ஏறத்தாழ அதில் பாதியைச் சமுத்திரங்களும் காடுகளும் மண்ணும் ஆண்டுதோறும் சந்தடியின்றி உட்கொண்டு வருகின்றன. இந்த உபகாரத்தைக் கண்டுதான், "மரம் நடுங்கள், வானிலை திருந்தும்" என்ற உபதேசம் பிறந்தது. உபதேசம் பொய்யன்று, ஆனால் அரைகுறையானது. மேட்டு நிலத்தில் நிற்கும் ஒரு மரம் காற்றிலிருந்து கரியை எடுத்து இலையும் கிளையும் அடிமரமுமாக ஆக்கிக்கொள்கிறது என்பது மெய்யே. எனினும் உதிர்ந்த இலையைக் கறையானும் காளானும் நுண்ணுயிர்களும் சில மாதங்களில் தின்று, அதிலிருந்த கரியின் பெரும்பகுதியைத் திரும்பவும் வாயுவாக்கி ஆகாயத்துக்கே அனுப்பிவிடுகின்றன. மரம் விழுந்தால் அதற்கும் சில பத்தாண்டுகளில் அதே கதிதான்.

சதுப்புநிலத்தில் நடப்பது வேறு. அங்கே உதிரும் இலையும், அறுந்து மடியும் நுண்வேரும், ஓதநீரோடு வந்து படியும் வண்டலும் சேர்ந்து சேறாகின்றன. அந்தச் சேற்றில், மேற்பரப்பிலிருந்து ஒரு விரற்கடை ஆழத்துக்குக் கீழே பிராணவாயு அநேகமாக இல்லை. பிராணவாயுவை நம்பி வாழும் நுண்ணுயிர்களுக்கு அங்கே வேலையில்லாமல் போகிறது. அந்த வாயு இல்லாமலே ஜீவிக்கக்கூடிய வேறு நுண்ணுயிர்கள், கடல்நீரில் ஏராளமாகக் கரைந்திருக்கும் சல்பேட்டைக் கொண்டு தம் காரியத்தை மிகவும் மெதுவாக நடத்துகின்றன. சதுப்பில் கால் வைத்ததும் மூக்கைத் துளைக்கும் அழுகிய முட்டை நாற்றம் அவற்றின் கைவேலையே. நாற்றத்தைச் சகித்துக்கொள்ள ஒரு காரணம் சொல்லுகிறோம்: அந்தச் சல்பேட்டுக் கூட்டம் பெருகியிருக்கும் இடத்தில் மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் தலையெடுக்க முடிவதில்லை. நன்னீர்ச் சதுப்புகள் கரியைப் புதைத்துக்கொண்டே, கரியமிலவாயுவினும் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் மீத்தேனையும் கணிசமாக வெளிவிடுகின்றன. உப்புநீர்ச் சதுப்பில் இந்தக் குற்றம் மிகவும் குறைவு.

இத்தகைய மூச்சுத்திணறும் மண்ணில் மரம் எப்படி வாழ்கிறது என்பது தனியே ஒரு நூல் எழுதத்தக்க விஷயம். வெண்கண்டல் மரம் தன் வேர்களிலிருந்து ஆயிரக்கணக்கான குச்சிகளைச் சேற்றுக்கு வெளியே நிமிர்த்தி, வற்றிய நேரத்தில் அவற்றின் வழியாகக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தன்னுள் புகுந்த உப்பை இலைச் சுரப்பிகளின் வாயிலாக வெளியே கக்கிவிடுகிறது. சுரபுன்னையோ, உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டித் தடுத்துவிடுகிறது; தன் வித்து தாய்மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே முளைத்து நீண்டு, முற்றிய பின்பே நீரில் விழும்படி ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. இத்தனை சாமர்த்தியமும் எதற்காக? ஓதம் ஏறும், வற்றும், மறுபடி ஏறும் என்ற ஒரே நம்பிக்கையின்மேல் கட்டப்பட்ட வாழ்க்கை இது. இந்த ஒன்றை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரப்போகிற துயரமும் தேறுதலும் இதைச் சுற்றியே நிகழ்ந்தன.

2011-ல் டோனட்டோ என்பவரும் அவருடைய சகாக்களும், இந்து மகா சமுத்திரம், பசிபிக் சமுத்திரம் ஆகியவற்றின் கரைகளில் 25 இடங்களில் சதுப்புநிலக் காடுகளை அளந்து ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஒரு ஹெக்டேருக்குச் சராசரியாக 1,023 டன் கரி இருப்பதாக அவர்கள் கண்டார்கள். அதைவிட விசேஷம், அந்தக் கரியில் குறைந்தபட்சம் பாதி அளவும், சில இடங்களில் அநேகமாக முழுவதும், மரத்தில் அல்லாமல் மரத்தின் காலடியிலுள்ள சேற்றில் இருந்தது என்பதாகும். மழை மிகுந்த தீவுகளையும் பெரும் கழிமுகங்களையும் பார்த்து எழுதிய இந்தச் சராசரியை, ஆண்டின் பெரும்பகுதி வெயிலில் காயும் நம் சோழமண்டலக் கரைக்கு அப்படியே பொருத்திவிடுவது நியாயமாகாது. இங்கே மரம் குட்டை, சேற்றின் கரியும் குறைவு. ஆனால் தத்துவம் ஒன்றே. காட்டின் செல்வத்தைக் கணக்கிட வேண்டுமானால் அண்ணாந்து பார்ப்பதைவிடக் குனிந்து பார்ப்பதுதான் முறை.

இனி, பிச்சாவரம் செத்த கதைக்கு வருவோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் வனப் பரிபாலனம் என்றால், காட்டைப் பல கூப்புகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு கூப்பை ஏலம் விட்டு அடியோடு வெட்டி விற்பதும், கடைசிக் கூப்பை வெட்டி முடிப்பதற்குள் முதற்கூப்பு மீண்டும் வளர்ந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதும்தான். மலைக்காடுகளில் ஓரளவு செல்லுபடியான இந்த முறையை, விறகுக்காகப் பிச்சாவரத்திலும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி அனுசரித்தார்கள். சுதந்திரம் வந்த பின்னும் சில பத்தாண்டுகள் அது தொடர்ந்தது. வெட்டிய இடங்களில் வாய்க்கால் ஓரங்களில் மட்டும் மரங்கள் திரும்பத் துளிர்த்தன. தீவுகளின் உட்பகுதிகளோ வெறும் உப்புப் பூத்த திடல்களாக நின்றுவிட்டன. ஆண்டுகள் பல சென்றும் அங்கே ஒரு செடி தலைகாட்டவில்லை. இதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தபோது, விறகு பொறுக்கும் ஏழைகளையும் மாடு மேய்ப்பவர்களையும் சுட்டிக்காட்டுவது எளிதாக இருந்தது. உத்தியோகக் குறிப்புகளில் அவ்வாறே எழுதவும் பட்டது. கிராமத்தானைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுக் கோப்பை மூடுவது நம் நாட்டில் வெகுகாலமாக வழங்கிவரும் ஒரு சௌகரியம்.

1990-களில், எம். எஸ். சுவாமிநாதன் 1988-ல் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள், வனத்துறையோடு சேர்ந்து இந்தத் திடல்களை அளக்கத் தொடங்கினார்கள். மண்ணின் மட்டத்தையும், நீரின் உப்பையும், ஓதம் எங்கே வந்து எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் அவர்கள் குறித்துக்கொண்டே வந்தபோது நோயின் மூலம் வெளிப்பட்டது. நிழல் கொடுத்த மரங்கள் ஒரேயடியாக வெட்டப்பட்டதும், ஈரச் சேறு நேர் வெயிலுக்கு ஆளாயிற்று. ஈரம் ஆவியாகி மண் சுருங்கித் தாழ்ந்தது. வேர்ப்பிடிப்பு மிஞ்சியிருந்த ஓரங்கள் மட்டும் உயர்ந்து நிற்க, நடுப்பகுதி ஒரு தாம்பாளம் போலக் குழிந்துவிட்டது. பெரிய ஓதங்களின்போது கரை மீறி உள்ளே புகுந்த உப்புநீர், வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கி, வெயிலில் வற்றி, உப்பை மட்டும் விட்டுச்சென்றது. அடுத்த ஓதம் மேலும் உப்பைக் கொண்டுவந்தது. இப்படி ஆண்டுக்காண்டு ஏறிய உப்பு கடல்நீரின் உப்பையே மிஞ்சிவிட்டபோது, உப்புக்கு அஞ்சாத வெண்கண்டலின் நாற்றும் அங்கே கருகிப் போயிற்று. கோடரி விழுந்தது ஒரு முறைதான்; அதன் பின்னர் அந்த நிலத்தின் அமைப்பே காட்டை மீண்டும் வரவொட்டாமல் தடுத்து வந்திருக்கிறது.

காரணம் நிர்ணயமான பிறகு பரிகாரம் கடினமாக இல்லை. தேங்கிய நீருக்குப் போக்கும் புதிய நீருக்கு வரத்தும் வேண்டும், அவ்வளவே. இயற்கையான கழியிலிருந்து திடலின் குறுக்கே ஒரு பெரிய வாய்க்காலை வெட்டி, அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களைப் பிரித்தார்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் வடிவில் தோன்றும் இந்த ஏற்பாட்டினால், ஓதம் ஏறும்போது நீர் திடலெங்கும் பரவிற்று, இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வெளியேறிற்று. வாய்க்கால்களின் சரிவான கரைகளில், மூழ்கியே கிடக்காமலும் காய்ந்தே போகாமலும் இருக்கும் நடுமட்டத்தில், வெண்கண்டலையும் ஓரளவு சுரபுன்னையையும் நட்டார்கள். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பின்னர் கணக்கிட்டபோது, 1986-க்கும் 2002-க்கும் இடையில் பிச்சாவரத்தில் காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் கூடியிருந்தது. கூப்பு வெட்டு நின்றதும் இந்தப் பெருக்கத்துக்கு உதவியிருக்கும். வாய்க்கால் ஒன்றுக்கே முழுப் புகழையும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வாய்க்கால் இல்லாமல் அந்த உப்புத் திடல்கள் பசுமையாகியிரா என்பதில் சந்தேகமில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுவது சரியன்று. சேறு சுபாவத்தினாலேயே வாய்க்காலைத் தூர்க்கும். ஆண்டுதோறும் தூர்வாராவிட்டால் மீன்முள் மறைந்து பழைய குழியே மிஞ்சும். அந்த வேலையைச் செய்ததும், நாற்றுக்களைக் காத்ததும், முன்பு குற்றவாளிகளாக எழுதப்பட்ட அதே கிராமத்து ஜனங்கள்தாம். ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு மன்றம் அமைத்து, காட்டுக்குள் எது செய்யலாம் எது கூடாது என்பதை அவர்களோடு பேசி முடிவு செய்த பின்பே மண்வெட்டி எடுக்கப்பட்டது. இக்கழிகளின் மார்பளவு நீரில் இறங்கி, வலையின்றிக் கையாலேயே துழாவி இறால் பிடித்து ஜீவனம் நடத்தும் இருளர் குடும்பங்களுக்கு, காடு தழைப்பது என்பது காற்றில் கரி குறைவதைப் பற்றிய தூரத்துச் செய்தியன்று. அன்றாடக் கூலியே அதுதான்.

மண்ணின் மட்டத்தையும் நீரின் போக்கையும் கவனியாமல், நாற்றை மட்டும் நட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையின் கரைகளில் பெரும் உற்சாகத்தோடு கண்டல் நாற்றுகள் நடப்பட்டன. பின்னர் 23 இடங்களை ஆராய்ச்சியாளர்கள் நேரில் பார்த்தபோது, ஒன்பது இடங்களில் ஒரு செடிகூட உயிரோடு இல்லை. நட்ட பரப்பு முழுவதையும் சேர்த்தால் ஐந்தில் ஒரு பங்குதான் தேறியது. எளிதாகக் கிடைக்கிறதே என்று சுரபுன்னையின் நீண்ட முளைகளை, அவை ஒருபோதும் இயற்கையாக வளராத தாழ்ந்த சேற்றிலே கொண்டுபோய்க் குத்தினால் வேறென்ன நடக்கும்? பிலிப்பைன்ஸ் நாட்டிலும் இதே பிழை இன்னும் பெரிய அளவில் நடந்தது. இதற்கு நேர்மாறாக, 1980-களில் அமெரிக்காவின் புளோரிடாவில், ராபின் லூயிஸ் என்ற நிபுணர், கொட்டி மேடாக்கப்பட்டிருந்த மண்ணை அகற்றி, அருகிலிருந்த நல்ல காட்டின் மட்டத்துக்கே நிலத்தைச் சமப்படுத்தி, ஓதம் வந்துபோக வழிவிட்டு, ஒரு நாற்றும் நடாமல் ஒதுங்கிக்கொண்டார்; வித்துக்கள் தாமாகவே மிதந்துவந்து ஊன்றிக்கொண்டன. நாற்று நடுவது புகைப்படத்துக்கு அழகாக அமைகிறது, மண்மட்டம் அளப்பது அமைவதில்லை என்பதைத் தவிர, முன்னது இவ்வளவு செல்வாக்குப் பெற்றிருப்பதற்கு வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை.

ஆழிப்பேரலையைப் பற்றி இன்னொன்று. கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து 2005-ல் வெளியான கட்டுரை ஒன்று, கண்டல் காடும் சவுக்குத் தோப்பும் அரணாக நின்ற கிராமங்களில் சேதம் குறைவு என்று கூறிற்று. மறு ஆண்டே வேறு சிலர், அத்தகைய கிராமங்கள் கடலிலிருந்து தூரத்திலும் சற்று மேட்டிலும் இருந்ததே போதுமான காரணம் என்று மறுத்தார்கள். சாதாரணப் புயலலையைக் காடு தணிக்கும் என்பதில் வாதமில்லை. பேரலையையும் தடுக்கும் என்று சத்தியம் செய்துகொடுத்து ஜனங்களைக் கரையோரம் குடியிருத்துவது அபாயம்.

இப்போது கணக்குக்குத் திரும்புவோம். உலகச் சராசரியாக, ஒரு ஹெக்டேர் கண்டல் காடு ஓராண்டில் ஏறத்தாழ இரண்டு டன் கரியைப் புதிதாகச் சேற்றில் புதைக்கிறது. பிச்சாவரமும் அவ்வளவு புதைப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொண்டால், 1,100 ஹெக்டேருக்கு 2,200 டன். அதைக் கரியமிலவாயுவாக மாற்றிச் சொன்னால் சுமார் 8,000 டன். இந்தியர் ஒருவர் பேரில் ஆண்டுக்குச் சுமார் இரண்டு டன் வாயு வெளியாகிறது என்று கொண்டால், முழுப் பிச்சாவரமும் சேர்ந்து நாலாயிரம் பேருடைய புகைக்கு ஈடு செய்கிறது. 60,000-க்கு மேற்பட்ட ஜனத்தொகையுள்ள சிதம்பரம் நகரத்தாருள் பதினைந்தில் ஒருவருக்கு மட்டுமே அது போதும்.

அதே கடலூர் மாவட்டத்தில், இந்தக் காட்டுக்கு மேற்கே இருக்கிறது நெய்வேலி. அங்கே பூமிக்கடியிலிருந்து எடுக்கப்படும் பழுப்பு நிலக்கரி என்பது, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு நீர் தேங்கிய சதுப்பில் மடிந்து, பிராணவாயு படாமல் புதைந்துபோன தாவரங்களே. பிச்சாவரத்துச் சேறு இன்று தொடங்கியிருக்கும் காரியத்தை அந்தப் பழங்காலச் சதுப்புகள் முடித்து வைத்திருந்தன. ஆண்டுக்குச் சுமார் இரண்டு கோடி டன் அந்தக் கரி தோண்டப்படுகிறது. ஒரு டன் எரிந்தால் ஏறக்குறைய ஒரு டன் கரியமிலவாயு வெளியாகிறது. ஆகவே பிச்சாவரம் ஓராண்டு முழுவதும் புதைத்ததை நெய்வேலி நான்கு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்பிவிடுகிறது. நெய்வேலியின் மின்சாரத்தில் விளக்கேற்றிக்கொண்டு இதை எழுதுகிற நாம் அதைப் பழிப்பதில் அர்த்தமில்லை. ஆனால் காடு வளர்த்து அந்தப் புகையைச் சரிக்கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் அதை ஒப்புக்கொள்ளக் கூடாது. கம்பெனிகள் எங்கோ ஒரு காட்டுக்குப் பணம் கொடுத்து, அதன் பேரில் தம் புகைபோக்கிகளுக்குப் பாவ விமோசனம் பெறுகிற கரிச்சந்தை வியாபாரம் இன்று பெருகி வருகிறது. கென்யாவின் காசி வளைகுடாவில் கிராமத்தார் 117 ஹெக்டேர் கண்டலைக் காத்து, அதன் கரிக்குக் கிடைத்த பணத்தைக் குடிநீருக்கும் பள்ளிக்கும் செலவிடுவது போன்ற நல்ல உதாரணங்கள் உண்டு. பணம் காட்டுக்குப் போகட்டும், அதில் நமக்கு ஆட்சேபமில்லை. புகையை நிறுத்தாமலிருக்க அது உரிமைச்சீட்டு ஆவதில்தான் ஆட்சேபம்.

அப்படியானால் காடுகளால் பயன் சொற்பந்தானா என்று கேட்கலாம். புதிதாகச் சேர்வதை மட்டும் பார்த்தால் சொற்பம். ஏற்கெனவே சேர்ந்திருப்பதைப் பார்த்தால் அப்படியன்று. ஆண்டுக்கு இரண்டு டன் வீதம் சேர்ந்துதான் ஹெக்டேருக்குச் சில நூறு டன் ஆகியிருக்கிறது. அதற்கு நூற்றாண்டுக் கணக்கில் காலம் பிடித்திருக்கிறது. ஓர் இறால் பண்ணைக்காக அந்தச் சேற்றைத் தோண்டி வெயிலில் போட்டால், காத்திருந்த பிராணவாயு உள்ளே புகுந்து, சில ஆண்டுகளிலேயே அதில் பெரும்பங்கைக் காற்றுக்கு அனுப்பிவிடும். தென்கிழக்கு ஆசியாவில் கண்டல் காடுகள் மிகுதியாக அழிந்தது இவ்வாறுதான். நம் கரையில் 1990-களில் பரவிய இறால் பண்ணைகள் கண்டலைவிட நெல்வயலையே மிகுதியாக விழுங்கின. அவற்றை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள்ளிருந்த பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. கரியைப் பற்றிய பேச்சு அப்போது யாருடைய வாயிலும் இல்லை. நிலத்தடி நீர் உப்பாவதும் கூலிவேலை பறிபோவதுமே வழக்கு. ஆயினும், உள்ளதை அழியவிடாமல் தடுப்பது, அழிந்ததை மீட்பதைவிடப் பன்மடங்கு மலிவானதும் விரைவானதும் ஆகும் என்பதை அறிய அந்த வழக்கு இன்றும் உதவுகிறது.

2022-ல் பிச்சாவரம் ராம்சர் உடன்படிக்கையின்கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு கோடரியைத் தடுக்கும், கடலைத் தடுக்காது. கடல்மட்டம் ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்து வருகிறது. வண்டல் படிந்து சேறு உயர்ந்துகொண்டே வரும் வரையில் கண்டல் காடு கடலோடு கூடவே ஏற முடியும். ஆனால் உயர்வு ஆண்டுக்கு ஆறு மில்லிமீட்டரைக் கடந்தால் அதனால் ஈடுகொடுக்க இயலாது என்று பழங்காலப் படிவுகளை ஆராய்ந்தவர்கள் 2020-ல் கணித்திருக்கிறார்கள். இங்கே வண்டலுக்கும் பஞ்சம்; 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்ததிலிருந்து காவிரியின் மண்ணில் ஒரு பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது, கொள்ளிடத்தில் வெள்ளம் இல்லாத மாதங்களில் கழிமுகத்துக்கு நன்னீரும் போதிய அளவு வருவதில்லை. ஏற முடியாத காடு பின்வாங்கியாக வேண்டும். பிச்சாவரத்துக்கு மேற்கே பின்வாங்க இடமிருக்கிறதா என்று பார்த்தால், அங்கே வயலும் இறால் குட்டையும் சாலையும் குடியிருப்பும் இருக்கின்றன. அந்த நிலங்களுக்குப் பட்டாதாரர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் யாருடைய நிலத்தை, எந்த விலைக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு முன்னதாக வாங்கி ஓதத்துக்குத் திறந்துவிடுவது, கொள்ளிடத்தில் எந்த மாதம் எவ்வளவு நீர் விடுவது என்பவற்றை வனத்துறை தனியே தீர்மானிக்க முடியாது. வருவாய்த்துறையும் நீர்வளத்துறையும் கடைமடை விவசாயிகளும் உடன் உட்கார்ந்து, கழி ஓரத்து ஜனங்களையும் அழைத்து வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டிய காரியங்கள் இவை.